வெற்றுக்காணி என்று நான் எழுதியது

எனக்குத் தண்ணீர்ச் சிக்கனம் கற்றுக்கொடுப்பதற்காக எங்கள் ஒழுங்கையின் பசுமைக் குழு ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தது. ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரின் கையிலும் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. முன்னுக்கு நின்றவர் குழுவின் தலைவர்.

"அக்கா, பாத்திரம் கழுவுற தண்ணிய நாங்கள் சும்மா ஓட விடக்கூடாது. அதை வாழைக்கு விடலாம்" என்றார். இருபது வருஷமாக என் குசினித் தண்ணீரைக் குடித்து வளர்கிற வாழைகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். அந்தத் தண்ணீர் போகிற வாய்க்கால் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தலைவர்மார் குனிவதில்லை.

"ஓம், நல்ல யோசனை" என்றேன். முப்பது வருஷம் எங்கள் ஊர் உப்புவெளித் தபாற்கந்தோரில் கம்பிக்குப் பின்னால் இருந்தவள் நான். எவர் என்ன சொன்னாலும் முகத்தை ஒரே மாதிரி வைத்திருக்க எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எதையும் எறிவதில்லை. பூமியின் மேல் உள்ள பாசத்தால் அல்ல, பிறவிக் கஞ்சத்தனத்தால். அரிசி கழுவிய தண்ணீர் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஆட்டுக்குப் போகும். மீன் கழுவியது முருங்கைக்குப் போகும். சந்தைக்குப் போகும்போது பனையோலையில் பின்னிய உமலைக் கொண்டுபோவேன், ஏனென்றால் மீன் முள் குத்தினால் பொலித்தீன் பை நடுவழியில் கிழிந்து என் மானத்தை வாங்கும். என் வீட்டுக்காரர் சீனன்குடாவில் வேலைசெய்த காலம் முழுக்கச் சைக்கிளில்தான் போய்வந்தார். பஸ் நடத்துநர்களோடு அவருக்கு ஆகாது, வேறு காரணம் இல்லை. இதற்கெல்லாம் 'பசுமை வாழ்க்கை முறை' என்று பெயர் என்பதைத் தலைவர் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில்தான் படித்தேன். அது மினுமினுப்பான தாளில் அச்சிட்டது. அடுப்பில் வைத்தால் எரியாது, வடை சுற்றினால் எண்ணெய் ஊறாது. அப்படி எதற்கும் உதவாத ஒரு தாளை அதற்கு முன் நான் கண்டதில்லை.

ஒழுங்கை முகப்பில் ஒரு பதாகையும் கட்டினார்கள். 'பொலித்தீனை ஒழிப்போம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது, பொலித்தீனில். பிறகு ஒரு காற்றுக்கு அது அறுந்து விழ, கடைசி வீட்டுக்காரி அதை எடுத்துத் தன் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டாள். ஒரு சொட்டு மழை ஒழுகவில்லை. அந்தக் குழுவால் இந்த ஒழுங்கையில் ஒரு உயிருக்கு நன்மை கிடைத்ததென்றால் அது அந்த ஆடுகளுக்குத்தான்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் வங்கியில் பெரிய வேலை பார்த்துவிட்டு ஓய்வுக்கு ஊருக்கு வந்தவர். வந்த மாதமே முற்றத்து வேம்பைத் தறித்தார், இலை கொட்டிக் குப்பையாகிறதாம். பிறகு முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தார், மண் காலில் ஒட்டுகிறதாம். பிறகு வீடு வெக்கையாக இருக்கிறது என்று இரண்டு ஏசி பூட்டினார். இவ்வளவையும் செய்து முடித்த கையோடு பசுமைக் குழுவுக்குத் தலைவரானார். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டி வேலைசெய்த மனிதர் என்றால் எங்களுக்கு ஒரு மரியாதை.

இனி வெளியைப் பற்றி. எங்கள் வீடுகளுக்கும் கடற்கரைக்கும் நடுவில் நீளமாகக் கிடந்த அரசாங்கக் காணிக்கு நாங்கள் 'வெளி' என்றுதான் சொல்வோம். வேறு பெயர் கிடையாது. அதன் முன்பக்கம் எங்கள் வீட்டுக்கு நேரே தொடங்கும், பின்பக்கம் ஒழுங்கையின் கடைசி வீட்டில் முடியும். கொஞ்சப் பனை, ஓரத்தில் தாழை, இடையிடையே எருக்கலை, நாயுண்ணிப் பற்றை. நடுவில் ஒரு பள்ளம். மாரியில் அந்தப் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், தவளைகள் ஊரை எழுப்பும், பத்துப் பன்னிரண்டு நாளில் தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போகும். மழை இல்லாத நாட்களில் அங்கே வலை காயும், மாடு மேயும், கடைசி வீட்டுக்காரியின் நெத்தலி காயும். ஒழுங்கையில் சாவு விழுந்தால் வருகிற சனம் அங்கேதான் கதிரை போட்டு இருக்கும். என் மகள் சைக்கிள் ஓடப் பழகியதும் விழுந்து பல்லை உடைத்ததும் அங்கேதான்.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தும் எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் வந்தது. கடல் ஊருக்குள் வந்த அந்த வருஷம் மட்டும் எல்லாக் கிணறும் உப்பாகிப் போயிற்று. இறைத்துப் பார்த்தோம், மருந்து போட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு மாரி அந்தப் பள்ளத்தில் நின்று கீழே இறங்கியது. மூன்றாம் வருஷம் கிணறுகள் திரும்பவும் இனித்தன. இது ஏதோ விஞ்ஞானி வந்து சொல்லித் தெரிந்த விஷயம் அல்ல. நாங்கள் வாளியும் கையுமாக நின்று பார்த்தது. எனக்கும் நன்றாகத் தெரியும். நான் பிறகு எழுதியதை வாசிக்கிறபோது இதை மறந்துவிடக் கூடாது.

தலைவரின் வீட்டு வாகனக் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள். வெளியின் முன்பக்கத்தில் ஒரு பசுமைப் பூங்கா அமைக்கப் போகிறார்களாம். அதற்கு அரசாங்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம்.

"கடிதம் அக்காதான் எழுத வேணும். அக்கான்ர தமிழுக்கு எந்தக் கந்தோரிலயும் மறுப்பு இல்லை" என்றார் தலைவர்.

எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. மனுவோ, முறைப்பாடோ, மரண அறிவித்தலோ, இந்த ஒழுங்கையில் எது எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அது ஒரு தலைக்கனம். அங்கேயே இருந்து எழுதி, எல்லோருக்கும் கேட்க வாசித்தேன்: "மேற்படி ஒழுங்கையின் கிழக்கே, எவ்விதப் பயன்பாடுமின்றிப் பற்றைகள் மண்டிக் கிடக்கும் வெற்றுக்காணியைத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகின்றோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வீட்டுக்காரி மட்டும் ஆட்டவில்லை. கருவாடு போட்டு விற்கிறவள், என்னைவிடப் பத்து வயது குறைவு, கூட்டத்துக்கு வந்தாலும் கதிரையில் இருக்கமாட்டாள், தூணோடு நிற்பாள்.

"அது வெளியல்லோ அக்கா. வெறுங்காணி எண்டு ஏன் எழுதினீங்கள்?" என்று கேட்டாள்.

"வெளி எண்டு எழுதினால் கந்தோரில விளங்காது தங்கச்சி. இது எழுத்துத் தமிழ்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் சிரிப்பு முடியும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் மீன் காய வைக்கிறது எங்க?"

"அதுக்கு ஒரு இடம் ஒதுக்குவம்" என்றார் தலைவர். அந்த இடத்தை இன்னும் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார்.

அனுமதி வந்தது. கடிதம் நன்றாக இருந்ததாம், அதிகாரி பாராட்டினாராம். ஒரு திங்கட்கிழமை பெக்கோ இயந்திரம் வந்து முன்பக்கத்துப் பனைகளைப் பல் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கியது. பள்ளத்தில் பாதியைக் கிரவல் மண் கொட்டி நிரப்பினார்கள். அதன் மேல் தலைவரின் முற்றத்தில் கிடக்கிற அதே இன்டர்லொக் கல். மிச்ச இடத்துக்குப் புல் லொறியில் வந்தது, பாய் மாதிரிச் சுருட்டி. எங்கள் ஊர் வெயிலில் அந்தப் புல் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதால் ஆழமாக ஒரு குழாய்க்கிணறு இறக்கி, கரண்ட் மோட்டர் வைத்து, காலையிலிருந்து பொழுதுபடும் வரை தண்ணீர் தெளித்தார்கள். மாடு தின்னாத, நிழல் தராத, பூக்காத ஒரு புல்லுக்கு அப்படி ஒரு இராச உபசாரம்.

வாசலில் ஒரு பலகை. பந்து விளையாடக் கூடாது. வலை காய வைக்கக் கூடாது. கால்நடைகள் நுழையக் கூடாது. புல்லின் மேல் நடக்கக் கூடாது. கடைசி வரியில், இயற்கையை நேசிப்போம். தூரத்தில் நின்றுதான் நேசிக்க வேண்டும் போலிருக்கிறது.

திறப்புவிழாவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கன்று நட்டார்கள், ஆளுக்கொரு படம் எடுத்தார்கள், லஞ்ச் சீற் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றிய சோற்றுப் பொதியைத் தின்றார்கள். பின்னேரம் காற்று எழும்பியது. இயற்கையை நேசித்தவர்களின் லஞ்ச் சீற் எல்லாம் எழும்பிக் கடலுக்குப் போயிற்று. நகரத்தில் மான்கள் பொலித்தீன் தின்கின்றன என்று படத்தோடு பேசியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கடலுக்குப் போகாமல் மிஞ்சிய மூன்று சீற்றை நான் என் முருங்கையில் இருந்து பொறுக்கினேன்.

நான் மட்டும் என்ன திறமா? விழா முடிந்த பின்னேரம் புது சீமெந்து வாங்கில் போய் இருந்து, "கடிதம் எழுதினது நான்தான்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கு இன்னும் சுட்டது. சீலையை மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

மாரி வந்தது. பள்ளத்தில் நிற்க வேண்டிய தண்ணீருக்கு நிற்க இடமில்லாமல் ஒழுங்கைக்குள் வந்தது. வேறு எங்கும் போகாமல் நேரே தலைவரின் வாசலுக்குத்தான் போனது. அவருடைய கல் முற்றத்தில் அவருடைய செருப்பே மிதந்ததை நான் என் படலையில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். உடனே குழு கூடி, பூங்காவிலிருந்து கடலுக்கு ஒரு சீமெந்துக் கான் வெட்டியது. பத்துப் பன்னிரண்டு நாள் நின்று மண்ணுக்குள் போகிற மழை இப்போது ஒரு பின்னேரத்தில் கடலுக்குப் போனது. "பாருங்கோ, எவ்வளவு வேகமா வடியுது" என்று எல்லோரும் மெச்சினோம். அடுத்த வெயில் காலத்துக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைக் கைதட்டி அனுப்பி வைத்திருக்கிறோம் என்று ஒரு மூளைக்கும் எட்டவில்லை.

வெயில் காலத்துக் கச்சான் காற்று தொடங்கிய கையோடு எங்கள் வீட்டுப் பருப்பு அவிய மறுத்தது. அரை மணித்தியாலம் வைத்தேன், ஒரு மணித்தியாலம் வைத்தேன், கல்லுக் கல்லாகவே கிடந்தது. கடைக்காரரிடம் போய், பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டீர் என்று சண்டை பிடித்தேன். பாவம், மனிதர் வேறு மூடையில் இருந்து அள்ளித் தந்தார். அதுவும் அவியவில்லை. சவர்க்காரம் நுரைக்கவில்லை. வீட்டுக்காரர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். நான் தேயிலையைக் குறை சொன்னேன்.

அந்தக் கிழமை கடைசி வீட்டுக்காரி கருவாடு கொண்டுவந்தாள். வெயிலில் வந்தவள் செம்பில் தண்ணீர் கேட்டாள். குடித்தவள் விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"தண்ணி சவராகிப் போச்சு அக்கா."

"நீர் கருவாடு திண்டிட்டு வந்திருப்பீர். உம்மட வாய்தான் உப்பு" என்றேன்.

அவள் செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீரைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து என் குசினி வாசலில் இறக்கினாள். அந்தத் தண்ணீரில் அதே பருப்பைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் அவிந்து குழைந்தது. அடுப்படியில் நின்ற எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் அல்ல, வெட்கத்தால்.

ஒழுங்கையின் முன்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அப்படியே ஆயின. பின்பக்கத்தில் வெளி இன்னும் வெளியாகவே கிடந்தது. பள்ளத்தின் மற்றப் பாதி அங்கேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி வீட்டுக் கிணறு மட்டும் பழையபடி இனித்தது. விடிந்தால் ஒழுங்கையே அந்த வீட்டு வாசலில் வாளியோடு நின்றது, கழுத்துப்பட்டிக் குடும்பங்கள் உட்பட. போதாததுக்குத் தண்ணீர் பவுசரும் வந்தது. அதை ஓட்டி வந்த கிண்ணியா நானா என்னைக் கண்டு சிரித்தார். "உங்கட ஒழுங்கைக்குத் தண்ணி கொண்டு வருவன் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல அக்கா. முந்தி இதால போனா உங்கட கிணத்துலதானே நான் குடிச்சிட்டுப் போவன்."

தலைவரிடம் போய்க் கேட்டேன். ஏசி அறையில் இருந்து வெளியே வந்து, "இது காலநிலை மாற்றம் அக்கா. உலகம் முழுக்க உள்ள பிரச்சினை" என்றார். உலகம் முழுக்க உள்ள பிரச்சினைக்கு எங்கள் ஒழுங்கையில் அவர் என்ன செய்ய ஏலும்? அவருக்குப் பின்னால் பூங்காவின் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் உறிஞ்சிப் புல்லுக்குத் தெளித்துவிட்டு, அந்த இடத்துக்குக் கடலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த மோட்டர். புல் மட்டும் பச்சையாக இருந்தது. குழு தண்ணீர்ச் சிக்கனம் பற்றி இன்னொரு செயலமர்வு வைத்தது. போத்தல் தண்ணீர் கொடுத்தார்களாம். நான் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் தலைவர் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். கையில் என் பழைய கடிதத்தின் போட்டோப்பிரதி.

"பூங்காவுக்கு வாற ஆக்களுக்கு வாகனம் விட இடமில்லை அக்கா. மிச்சம் கிடக்கிற பின்பக்கத்தையும் கேப்பம். இதே கடிதம் போதும். திகதியை மட்டும் மாத்தினால் சரி."

நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டேன், என் கிணற்றுத் தண்ணீரில். அவர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. மரியாதைக்காக விழுங்கினார்.

"என்ன, தேத்தண்ணி சரியில்லையோ?"

"இல்லை அக்கா, திறம்."

"அப்ப முழுக்கக் குடியுங்கோ. நான் எழுதமாட்டன். பின்பக்கத்தையும் மூடினால் அந்தக் கடைசிக் கிணறும் போயிடும். பிறகு இந்த ஒழுங்கையில ஒரு குழந்தைக்குப் பால் மா கரைக்கத் தண்ணி இருக்காது."

அவர் கோப்பையை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்படத் தேவையிருக்கவில்லை.

"நீங்கள் எழுதாட்டியும் பரவாயில்லை அக்கா. பழைய கடிதத்திலயே காணி முழுக்கத்தானே எழுதியிருக்கிறீங்கள். அதையே திரும்பவும் அனுப்புறன்."

அவர் போனபின் பிரதியை எடுத்து வாசித்தேன். உண்மைதான். முன்பக்கம், பின்பக்கம் என்று நான் பிரிக்கவே இல்லை. ஒரு நல்ல வசனத்துக்காக முழு வெளியையும் அள்ளி வெற்றுக்காணிக்குள் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் தோளுக்கு மேலால் எட்டி வாசித்துவிட்டு, "வடிவான தமிழ்" என்றார். முப்பத்தைந்து வருஷக் கலியாணத்தில் அவர் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுப்புக் கடிதம் எழுத இருந்தேன். 'மேற்படி' என்று தொடங்கினேன், நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த கந்தோர்த் தமிழில் 'ஒன்றுமில்லை' என்று எழுத நூறு சொல் இருந்தது. 'இருக்கிறது' என்று எழுத ஒரு சொல்லும் வரவில்லை. கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். அவள் வெளியில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் "இதில என்ன இருக்கு எண்டு சொல்லும், நான் எழுதுறன்" என்று மட்டும் சொன்னேன். அவள் குனிந்தபடியே மீனைப் பிரட்டிப் பிரட்டிச் சொன்னாள், நான் பனங்குற்றியில் இருந்து எழுதினேன். எத்தனை பனை, எவருடைய வலை எந்த இடத்தில் காயும், எவருடைய மாடு எந்த மாதம் வரும், பள்ளத்தில் எந்தக் கிழமை தண்ணீர் நின்று எந்தக் கிழமை வற்றும், வற்றினால் எந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் ஏறும். இரண்டரைப் பக்கம் வந்தது. ஒரு இடத்திலும் சொல்லை மாற்றாமல் அப்படியே அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு அதிகாரி மோட்டார்சைக்கிளில் வந்தார். இளம் பிள்ளை, வியர்த்து விறுவிறுத்து நின்றார். தலைவர் கழுவிய சேட்டோடு முன்னுக்கு வந்தார். ஒழுங்கையே பின்பக்கத்து வெளியில் திரண்டு நின்றது. அதிகாரி ஒரு கோப்பு எடுத்துத் திறந்து முதற் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். எவ்விதப் பயன்பாடுமின்றி. பற்றைகள் மண்டிக் கிடக்கும். அவர் பனைகளையும் பார்த்தார், வலைகளையும் பார்த்தார், பரப்பிக் கிடந்த நெத்தலியையும் பார்த்தார்.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான் எழுதினனான்."

"இந்த மறுப்புக் கடிதம்?"

"அதுவும் நான்தான் எழுதினனான்."

தலைவர் புன்னகைத்தார். அதிகாரிக்குச் சினம் வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே கையெழுத்து. எதை நம்புறது அம்மா?"

"முதல் எழுதினது பொய் தம்பி. பொய் எண்டு தெரிஞ்சுதான் எழுதினனான். கேக்க வடிவா இருக்கும் எண்டு எழுதினனான். இப்ப என்ர கிணறு சவர். இந்தக் கடைசிக் கிணறு மட்டும்தான் மிச்சம்."

முழு ஒழுங்கைக்கும் முன்னால் அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி கொஞ்சம் இளகினார். கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"சரி அம்மா, ஆனா இதில காணியின் தன்மை எண்டு ஒரு வரி இருக்கு. வயல், மேட்டுநிலம், குடியிருப்பு, வெற்றுக்காணி. இந்த நாலு கூடுதான். நீங்கள் ரெண்டரைப் பக்கத்துக்கு வெளி, வெளி எண்டு எழுதியிருக்கிறீங்கள். வெளி எண்டு ஒண்டு இல்லையே. நான் எதில போடுறது?"

நான் அந்த நாலு கூட்டையும் பார்த்தேன். இதைத்தானே நானும் ஒருகாலம் சொன்னேன், வெளி என்றால் கந்தோரில் விளங்காது என்று. தலைவர் தன் பேனையை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

கடைசி வீட்டுக்காரி ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள். அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"ஊரின்ர பேரில இருக்கே சேர்" என்றாள்.

அதிகாரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டே படிவத்தின் மேல் வரியைப் பார்த்தார். அங்கே அச்சில் இருந்தது, உப்புவெளி. பிறகு நாலு கூட்டையும் விட்டுவிட்டு, பக்கத்து ஓரத்தில் 'வெளி' என்று தன் கையால் எழுதி, கீழே கையொப்பம் வைத்தார். தலைவரின் பேனையை வாங்கவில்லை. அவரிடம் சொந்தப் பேனை இருந்தது.

பின்பக்கம் தப்பிவிட்டது, இன்றைக்கு வரைக்கும். முன்பக்கத்தில் புல் இன்னும் பச்சையாக இருக்கிறது, மோட்டர் இன்னும் ஓடுகிறது, அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் எந்தக் கந்தோரின் எந்த அலுமாரியில் கிடக்கின்றனவோ தெரியாது. தலைவர் இந்த வருஷமும் தலைவர்தான். என் கிணறு தெளியப் பல மாரி பிடிக்குமாம். அதுவும் மழைக்கு நிற்க இடம் கொடுத்தால்.

காலையில் சைக்கிள் கரியரில் வாளியைக் கட்டிக்கொண்டு நானே கடைசி வீட்டுக்குப் போகிறேன். அவள் முதல் வாளியை எனக்குத்தான் அள்ளி ஊற்றுகிறாள். தபாற்கந்தோரில் முப்பது வருஷம் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அந்த ஊர்ப் பெயரை முத்திரையாகக் குத்தினேன், ஒரு முறைகூட வாசிக்கவில்லை. இப்போது வாசிக்கத் தெரியும். உப்பு என் கிணற்றில் இருக்கிறது. வெளி அவளுடைய வாசலில் இருக்கிறது.